நெறி கட்டிய கால்

எங்கள் ஊரில் காலில் முள் ஏறி இரண்டு நாள் ஆகிவிட்டால் பெரியவர்கள் பாதத்தைப் பார்க்கமாட்டார்கள். “நெறி கட்டியிருக்கா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். தொடையிடுக்கில் கைவைத்தால் புளியங்கொட்டை அளவில் ஒன்று உருளும். அழுத்தினால் உயிர் போகும். காலில் சீழ் வைத்தால் தொடையிடுக்கில், கையில் என்றால் அக்குளில், தலையில் சிரங்கு வந்த பிள்ளைக்குக் கழுத்தில் என்று, எந்தப் புண்ணுக்கு எங்கே நெறி கட்டும் என்பது பள்ளிக்கூடமே போகாத என் அப்பாயிக்கு அத்துப்படி. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிணநீர் மண்டலத்தைக் கரும்பலகையில் வரைகிறபோதெல்லாம் அப்பாயி ஞாபகம் வந்துவிடும். உடம்பில் கசிகிற நீரைத் திருப்பி எடுத்துப்போகும் குழாய்களும், வழியில் கிருமியை வடிகட்டும் முடிச்சுகளும் சேர்ந்ததுதான் அந்த மண்டலம். அந்த நிணநீர் முடிச்சைத்தான் ஊரில் நெறி என்பார்கள். அவர் விரலால் தடவிச் சொன்னதைத்தான் நான் சாக்பீஸால் வரைகிறேன்.

2012 கார்த்திகையில் அப்பா தன் இடது தொடையிடுக்கில் ஒரு நெறி இருப்பதாகச் சொன்னார். நெல்லிக்காய் அளவு. கல்லைப்போல் இருந்தது. “வலியே இல்ல பாப்பா, தானா கரைஞ்சிரும்” என்றார். நானும் விட்டுவிட்டேன். வலிக்கிற நெறி புண் ஆறினால் போய்விடும். வலிக்காமல் கெட்டியாகக் கிடக்கிற நெறிக்குத்தான் உடனே ஓட வேண்டும். உயிரியல் நடத்துகிற எனக்கு இது அன்றைக்குத் தெரியாமல் போனது. இதை வாசிக்கிற யாருக்காவது அப்படி ஒன்று இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் காட்டிவிட்டு வாருங்கள்.

நெறிக்குக் காரணம் அவருடைய குதிகாலில் ஒன்றரை வருஷமாக இருந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் ஆயுசு முழுக்க வெறுங்காலோடு வரப்பில் நடந்தவர். குதிகாலில் ஒரு கரும்புள்ளி வந்தபோது கால் ஆணி என்று நினைத்தோம். மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார். எருக்கம்பால் வைத்தார். குளித்துவிட்டு வந்து, ஊறிய தோலை பிளேடால் சீவினார். சீவிய இடம் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. சதை எடுத்துச் சோதித்தபோது மெலனோமா என்று வந்தது.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் வருகிற புற்று அது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயிலால் வருகிற நோய் என்றுதான் நான் படித்திருந்தேன். உலகத்திலேயே ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் அதிகம். நம்மைப்போல் கருத்த தோல்காரர்களுக்கு அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. வெயிலும் படாது, யார் கண்ணும் படாது. அதனாலேயே நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புற்று ஆழமாக இறங்கி, நெறிக்கும் போயிருக்கும். இந்த நோயில் பரப்பைவிட ஆழம்தான் கணக்கு. அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1970இல் அதை எழுதினார். இன்றுவரை அவர் பெயரால்தான் அளக்கிறார்கள். 1 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு 5.5.

குதிகாலை அகலமாக வெட்டியெடுத்துத் தோல் ஒட்டவேண்டும், தொடையிடுக்கில் இருக்கிற நெறிகளை மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்றார் சர்ஜன். எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “கால் கொஞ்சம் வீங்கும்” என்றார். பொறுமையான மனிதர், வேலையில் கைதேர்ந்தவர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லோடுதான் எங்கள் குடும்பம் இத்தனை வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அறுவை முடிந்து வார்டுக்கு வந்தபோது இடுப்போரத்தில் ஒரு குழாய் தொங்கியது. அதன் நுனியில் அமுக்கிவிட்டால் உறிஞ்சிக்கொள்ளும் ஒரு டப்பா. வைக்கோலை ஊறவைத்த தண்ணீர் நிறத்தில் நிணநீர் அதில் சேரும். காலையில் அளந்து எழுதவேண்டும். 210, 190, 160. இரண்டு நாள் தொடர்ந்து 30 மில்லிக்குக் கீழே வந்தால் குழாயை எடுப்போம் என்றார்கள். பத்து நாளில் முடியும் என்று நினைத்தது இருபத்து மூன்று நாள் போனது. கால் முழுக்க இருந்து மேலே ஏறி வருகிற நீருக்கு, போய்ச் சேரும் இடத்தை எடுத்தாகிவிட்டது. அது வெட்டிய இடத்தில் தேங்காமல் வேறு எங்கே போகும்?

அதற்குள் தையலின் ஓரம் கறுத்தது. தொடையிடுக்கில் நெறிகளை எடுக்கும்போது தோலை மெல்லிய படலமாகத் தூக்கிப் பிரிக்கிறார்கள். அந்தப் படலத்துக்கு ரத்தம் சரியாகப் போகாவிட்டால் ஓரம் செத்துவிடும். பிறகு மடிப்பும் வேர்வையுமாக இருக்கிற இடம், உட்கார்ந்தால் எழுந்தால் இழுபடுகிற இடம். ஒன்பதாம் நாள் தையல் விட்டுக்கொண்டது. அழுகிய ஓரத்தை வெட்டிவிட்டுத் திறந்தே வைத்து, உள்ளே துணியைத் திணித்துத் தினமும் கட்டு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதை அம்மாவும் நானும் செய்தோம். ஏழு வாரம். எங்களுக்குத்தான் இப்படி ஆயிற்று என்று அழுதிருக்கிறேன். தொடையிடுக்கு அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் புண்ணில் ஏதாவது ஒரு சிக்கல் வந்ததாகச் சொல்கிற ஆய்வுகளே உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அழுகை குறைந்திருக்கும்.

நோயியல் அறிக்கையில் பதினோரு நெறிகள், இரண்டில் புற்று.

தொடையின் முன்பக்கம் மரத்துப்போனது இன்றைக்கும் அப்படியே. வெட்டும் வழியில் தோலுக்குப் போகிற நரம்பும் அறுபட்டுவிடும், வேறு வழியில்லை. எறும்பு ஊர்ந்தால் தெரியாது. வெந்நீர்ப் பாத்திரத்தை மடியோரம் வைக்க விடமாட்டோம். அக்குளில் நெறி எடுத்தவர்களுக்கு மேல்கையின் உட்புறம் மரத்துப்போகும், தோள் இறுகும். கழுத்தில் எடுத்தவர்களில் சிலருக்குக் கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல் போகும். எங்கே வெட்டுகிறார்களோ அந்த இடத்துக்கென்று ஒரு விலை இருக்கிறது. தொடையிடுக்குதான் இவற்றில் தொல்லை அதிகம்.

ஐந்தாம் மாதம் செருப்பு வார் பதிந்த தடம் மாலைவரை மறையாமல் இருந்தது. எட்டாம் மாதம் இடது காலுக்குச் செருப்பே நுழையவில்லை. வேட்டி மறைத்ததால் ஊருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு டாக்டர் நீர் மாத்திரை கொடுத்தார். சிறுநீர் அதிகம் போனது, கால் அப்படியே இருந்தது. இது வெறும் தண்ணீர் தேங்கிய வீக்கம் இல்லை. நிணநீரில் புரதம் இருக்கிறது. மாத்திரை தண்ணீரை மட்டும்தான் இழுக்கும், புரதம் திசுவிலேயே தங்கி மறுபடி தண்ணீரைக் கூப்பிட்டுக்கொள்ளும். முதலில் அமுக்கினால் குழி விழும். நாளாக ஆக அங்கே கொழுப்பும் நாரும் சேர்ந்து கெட்டித்துப்போகும், பிறகு குழி விழாது. கெட்டிப்படுவதற்குள் பிடிக்கவேண்டும். எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு வருஷம் போய்விட்டது.

ஒரு ராத்திரி அப்பாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கால் சிவந்து நெருப்பாய்க் கொதித்தது. அடுத்த வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, “இது அக்கிதான், காலைல வேளாரக் கூப்பிட்டு எழுதிடலாம்” என்றார். எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் மண்பாண்டம் செய்கிற வேளார் காவியைக் குழைத்து உடம்பில் எழுதுவார். அத்தை அன்பால் சொன்னார். ஆனால் அது தேங்கிய நிணநீரில் கிருமி புகுந்து வந்த காய்ச்சல். கால்விரல் இடுக்கில் இருந்த சேற்றுப்புண் வழியாகப் புகுந்திருக்கிறது. காவல் காக்கிற நெறிகள்தான் இல்லையே. ஊசி மருந்தோடு ஐந்து நாள் படுக்கை. அந்த வருஷம் மூன்று முறை அப்படி வந்தது. ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கிற நிணநீர்க் குழாய்களில் கொஞ்சத்தைக் கெடுத்துவிட்டுத்தான் போகும். அதனால் வீக்கம் கூடும். வீக்கம் கூடினால் மறுபடி காய்ச்சல்.

மூன்றாவது காய்ச்சலுக்குப் பிறகு வேட்டி மறைக்கவில்லை. ஊரில் யானைக்கால் என்று பேசிக்கொண்டார்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அப்பா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். டீக்கடையில் பெஞ்சில் உட்காராமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். புற்றுநோய் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், “அதச் சொன்னா இன்னும் ரெண்டடி தள்ளி நிப்பாங்க” என்றார்.

யாரோ சொல்லிச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வீடு தேடி வந்தார். பைலேரியாவுக்கு ராத்திரி ரத்தம் எடுக்கவேண்டும் என்றார். யானைக்காலைக் கொண்டுவருகிற அந்தப் பைலேரியாப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் வந்து உலவும். நான் கோபமாக ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு அப்பாவின் காலருகே தரையில் உட்கார்ந்து, “பூச்சி அடைச்சாலும் ஒண்ணுதாங்க, டாக்டர் எடுத்தாலும் ஒண்ணுதாங்க. கால் பாக்குற பக்குவம் மாறாது” என்றார். ஒரு வாளித் தண்ணீரும் குளிக்கிற சோப்பும் கேட்டார்.

அவர் அன்றைக்குச் செய்து காட்டியதை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் எங்களுக்கு இதை யாரும் காட்டவில்லை. தொடையிலிருந்து பாதம்வரை சாதா சோப்பு, சாதாத் தண்ணீர். பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, ஈரம் துளி இல்லாமல் செய்யவேண்டும். இடுக்கில் வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சைக் களிம்பு. வெடிப்பு இருந்தால் தேங்காயெண்ணெய். படுக்கும்போது கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கெண்டைச்சதை சுருங்கி விரிவதுதான் நிணநீருக்கு மோட்டார். வெறுங்காலோடு ஒரு அடிகூட வைக்கக் கூடாது.

1955இல் தொடங்கிய தேசிய பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்திலிருந்து இன்றுவரை, யானைக்கால்காரர்களோடு பழகிப் பழகி நம் பொது சுகாதாரப் பணியாளர்கள் சேர்த்துவைத்த கைப்பக்குவம் இது. அடுத்த வருஷம் காய்ச்சல் ஒரே ஒருமுறை வந்தது. அதற்கடுத்த இரண்டு வருஷம் வரவே இல்லை. நாங்கள் வெட்கப்பட்ட அந்தச் சொல்லுக்கு உரியவர்களிடமிருந்துதான் அப்பாவின் காலைக் காப்பாற்றிய வித்தை வந்தது. அந்த ஆய்வாளர் அப்புறம் மாற்றலாகிப் போய்விட்டார். தீபாவளிக்கு இன்றும் அப்பா அவருக்குப் போன் செய்வார்.

கட்டுப் போடுவதைத் திருச்சியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். கடையில் கிடைக்கிற கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவது உதவாது. அதிகம் இழுபடாத தனி வகைப் பட்டை வேண்டும். முதலில் மெல்லிய துணியுறை, மேலே பஞ்சு, பிறகு விரல் முனையிலிருந்து மேலேறும் பட்டை. கணுக்காலில் இறுக்கம் கூடுதலாக, மேலே போகப்போகக் குறைவாக. தலைகீழாகப் போட்டால் கேடு. மூன்று வாரம் தினமும் கட்டியதில் கெண்டைக்காலின் சுற்றளவு 46 சென்டிமீட்டரிலிருந்து 40க்கு வந்தது. அப்புறம் தொடைவரை ஏறும் அழுத்தக் காலுறை. விலை ஆயிரக்கணக்கில், ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வாங்கவேண்டும், எங்கள் காப்பீட்டில் அது வரவில்லை. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது எப்படிப்பட்டது என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அப்பா கேட்டார். “இந்த நெறிய எல்லாம் எடுத்தது எதுக்கு பாப்பா? எடுக்கலன்னா செத்துருப்பேனா?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் நான் படிக்கத் தொடங்கினேன்.

1892இல் லண்டனில் ஹெர்பர்ட் ஸ்னோ என்ற சர்ஜன், மெலனோமா பரவிவிட்டதாகத் தெரிவதற்கு முன்னாலேயே நெறிகளை எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். தோலிலிருந்து நெறிக்கு, நெறியிலிருந்து உடம்புக்கு. நடுவில் மடையை அடைத்துவிட்டால் வெள்ளம் நிற்கும் என்பது கணக்கு. வயல்காட்டில் பிறந்த எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது, சரி என்றும் பட்டது. 1907இல் இன்னொரு லண்டன் சர்ஜன் வில்லியம் சாம்ப்சன் ஹேண்ட்லி, மெலனோமாவால் இறந்த ஒரே ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்து, அகலமாக வெட்டி நெறிகளையும் எடுக்கவேண்டும் என்று விரிவுரை செய்தார். பல தலைமுறை சர்ஜன்கள் அதைப் பின்பற்றினார்கள்.

இதே ஹேண்ட்லியைப் பற்றி இன்னொரு செய்தி என்னை நிறுத்திவிட்டது. அடுத்த வருஷமே, 1908இல், மார்புப் புற்றால் கை வீங்கிப்போன பெண்களுக்கு அவர் ஒரு வைத்தியம் எழுதியிருக்கிறார். வீங்கிய கையின் தோலுக்கு அடியில் பட்டு நூல்களை நீளமாகக் கோத்துவிடுவது. நூலைப் பிடித்துக்கொண்டு நிணநீர் வடிந்து போய்விடும் என்று நம்பினார். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப்போல. அது நிலைக்கவில்லை, புண் வைத்தது, பலன் தங்கவில்லை. ஆனாலும் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு சர்ஜன் இந்த வீக்கத்தைக் கண்ணெடுத்துப் பார்த்து, அதற்காக ராத்திரி உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதில் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

நெறிகளை முன்கூட்டியே எடுப்பதால் ஆயுள் கூடுகிறதா என்பதை முறையாகச் சோதித்து முடிவு காண 1970கள் வரவேண்டியிருந்தது. இத்தாலிய சர்ஜன் உம்பெர்டோ வெரோனேசி தலைமையில், கைகால்களில் மெலனோமா வந்த 553 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே நெறிகளை எடுத்தார்கள். மறுபாதிக்கு, நெறி தட்டுப்பட்டால் மட்டும் எடுத்தார்கள். 1977இல் முடிவு வந்தது: பிழைத்திருந்தவர் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

அப்பாயியின் அறிவு இதற்கப்புறம் கலிஃபோர்னியாவில் திரும்பி வந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். டொனால்ட் மார்ட்டன் என்ற சர்ஜன் யோசித்தார்: காலில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் நீர் முதலில் போய்ச் சேருவது ஏதோ ஒன்றிரண்டு நெறிகளில்தானே, அந்தக் காவல் நெறியை மட்டும் கண்டுபிடித்துப் பார்த்தால் என்ன? புற்று இருந்த இடத்தில் நீலச் சாயத்தை ஊசியால் செலுத்தினார். சாயம் குழாய் வழியே ஏறிப்போய் எந்த நெறியை முதலில் நீலமாக்குகிறதோ அதை மட்டும் எடுத்தார். 1992இல் அது வெளியானது. பிறகு கதிரியக்க மருந்தும் அதைத் தேடும் கருவியும் சேர்ந்துகொண்டன. சின்ன வெட்டு. அதில் புற்று இல்லை என்றால் மீதி நெறிகளைத் தொடவேண்டியதில்லை. மார்ட்டனின் குழு எண்ணிப் பார்த்தபோது, காவல் நெறியோடு நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 10 பேருக்குச் சிக்கல் வந்தது. எல்லா நெறிகளையும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு.

காவல் நெறியில் புற்று இருந்தால்? மீதியை மொத்தமாக எடுப்பதுதான் அப்போதைய வழக்கம். அதையும் சோதித்தார்கள். ஜெர்மனியில் 483 பேர், 2016இல் முடிவு. பல நாடுகளில் 1,900க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்த பெரிய ஆய்வு, எம்.எஸ்.எல்.டி-2 என்று பெயர். 2017 ஜூனில் முடிவு. காவல் நெறியில் புற்று இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மீதி நெறிகளை எடுத்தார்கள், பாதிப் பேரை அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று வருஷ முடிவில் மெலனோமாவால் சாகாமல் இருந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 86. வீக்கம் மட்டும் வேறுபட்டது: எடுத்தவர்களில் நூற்றுக்கு 24, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 6. எடுத்த பக்கத்தில், மீதி நெறிகளில் புற்று இருந்தது நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கும் குறைவாகத்தான். மற்றவர்கள் சுத்தமான நெறிகளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எடுப்பதில் பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த இடத்திலேயே புற்று திரும்ப வருவது குறைந்தது. இன்னும் எத்தனை நெறியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் உயிர் நீளவில்லை. நோய்க்கு மடையும் வாய்க்காலும் ஒன்று மட்டும் இல்லை. ரத்தத்தின் வழியாகவும் அது போகும். ஸ்னோ போட்ட கணக்கில் விட்டுப்போனது அது. இந்தப் பதிலுக்காகத் தங்கள் காலையும் கையையும் சீட்டுக் குலுக்கலுக்கு ஒப்புக்கொடுத்த அந்த 1,900 பேரை எனக்கு யாரென்றே தெரியாது. அந்த 24 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எண்ணாகத் தெரியவில்லை, அப்பாவின் செருப்பு தெரிகிறது.

இதைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியானால் அப்பாவுக்குச் செய்தது வீண்தானா? மறுபடி மறுபடி படித்த பிறகுதான் ஒன்று தெளிந்தது: அப்பாவைப் போன்றவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதில் இருந்தவர்களுக்கு நெறி கைக்குத் தட்டுப்படாது. நுண்ணோக்கியில் அல்லது அதைவிட நுண்ணிய சோதனையில் மட்டும் தெரிந்த விதை அது. அப்பாவுக்கோ நெல்லிக்காயளவு வளர்ந்த புற்று. விட்டிருந்தால் தொடையிடுக்கில் வெடித்துப் புண்ணாகியிருக்கும். 2013இல் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இதைச் சொன்னபோது அப்பா, “அப்ப சரி” என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் அந்த இரண்டு சொல்லும் போதவில்லை.

இன்றைக்கு என்றால் வேறு வழி ஒன்று திறந்திருக்கிறது. நோய் எதிர்ப்பு செல்களுக்குப் புற்று போட்டுவைக்கிற கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துகள். இதற்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. தட்டுப்படும் நெறி உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் கொடுப்பதைவிட முன்பே கொடுப்பது மேல் என்று 2024இல் நாடினா என்ற ஆய்வு காட்டியது. 423 பேர். ஒரு வருஷ முடிவில் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் முன்பே கொடுத்த பக்கம் நூற்றுக்கு 83.7; அறுவையை முதலில் செய்த பக்கம் 57.2. காரணத்தைப் படித்தபோது வகுப்பறையில் துள்ளவேண்டும்போல் இருந்தது. நெறி உள்ளே இருக்கும்போது மருந்து கொடுத்தால், எதிர்ப்பு செல்கள் அந்த நெறியிலேயே எதிரியை அடையாளம் கண்டு பழகிக்கொள்கின்றன. நாம் மடை என்று வெட்டிப்போட்டது போர்ப்பயிற்சிக் களமாக இருந்திருக்கிறது!

அதற்கு முன்பே, 2022இல் வெளியான பிராடோ என்ற ஆய்வில் இன்னும் ஒருபடி போனார்கள். மருந்து கொடுத்துவிட்டு, அடையாளமிட்ட ஒரே நெறியை எடுத்துப் பார்த்தார்கள். அதில் புற்று ஏறக்குறைய செத்துப்போயிருந்த 60 பேரில் 59 பேருக்கு மீதி நெறிகளை எடுக்கவே இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருஷத்தில் நோய் திரும்பவில்லை, கால் அவர்களுக்குக் காலாகவே இருந்தது.

ஆனால் நம் ஆட்களுக்கு இதை அப்படியே தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெயிலால் வந்த மெலனோமாக்காரர்கள். வெயில் செல்லின் மரபணுவில் ஏகப்பட்ட தழும்பு போட்டுவிடும். தழும்பு அதிகமானால் எதிர்ப்பு செல்களுக்கு அடையாளம் காண்பது எளிது. உள்ளங்காலில் வருகிற வகையில் தழும்பு குறைவு, மருந்துக்கு மசிவதும் குறைவு. மருந்துக்கும் அதற்கான தொல்லைகள் உண்டு. நாடினாவில் அந்த மருந்து வாங்கிக்கொண்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பக்க விளைவு வந்தது. விலையோ, வயல் விற்றாலும் இரண்டு தவணைக்கு மேல் தாங்காது.

அறுவையைத் தவிர்த்து ‘பார்த்துக்கொண்டிருப்பது’ என்பதிலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எம்.எஸ்.எல்.டி-2இல் பார்த்துக்கொண்டிருந்தது சும்மா இல்லை. முதல் இரண்டு வருஷம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் வருஷம்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு. நடவு நேரத்தில், அறுவடை நேரத்தில், பஸ் ஏறி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வலியே இல்லாத காலைக் காட்டப்போவார்களா? என் அப்பா போயிருக்கமாட்டார், எனக்கு உறுதியாகத் தெரியும். ஆஸ்பத்திரி கூப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும், வீட்டில் ஒருவர் நாள் குறித்து வைத்துக்கொண்டு அனுப்பவேண்டும். இரண்டும் இருக்கிற இடத்தில்தான் அந்தச் சிகிச்சை சிகிச்சையாக இருக்கும்.

ஆகவே நான் கேட்பது சிறியது. எந்த வழியை எடுத்தாலும், வெட்டுவதற்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். காவல் நெறி மட்டுமா, மொத்தமுமா என்று சொல்லுங்கள். குழாய் எத்தனை நாள் இருக்கலாம், தையல் விட்டுக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது, வீக்கம் எந்த மாதத்தில் எட்டிப் பார்க்கும், கழுவுவது எப்படி, குளிரும் காய்ச்சலுமாக வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதையெல்லாம் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே இரண்டு காலையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன் அளவு இல்லாமல் வீங்கியது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு இப்போது 73 வயது. பன்னிரண்டு வருஷமாகப் புற்று திரும்பவில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். கம்பூட் போட்டுக்கொண்டு வரப்போரம் மட்டும் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலை அளந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். இது ஒன்பதாவது நோட்டு.

போன மாதம் திருச்சி பிசியோதெரபிஸ்ட் சொல்லி, பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் மகனோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டைவிரல் நகத்தடியில் மெலனோமா. தொடையிடுக்கில் நெறி தட்டுகிறது. அடுத்த வாரம் அறுவை. கால் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்திருந்தார், கேட்கத்தான் கூச்சம். அப்பா எதுவும் கேட்கவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டி, காலுறையைக் கழற்றி, இடது காலை அவர் முன்னால் நீட்டினார்.

“டாக்டர் கொஞ்சம் வீங்கும்னாரா?”

“ஆமாங்கய்யா.”

“கொஞ்சம்னா இவ்வளவு. பாத்துக்கங்க. தொட்டுப் பாருங்கம்மா, ஒண்ணும் ஒட்டாது.”

அந்தப் பெண் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். அப்பா தான் கழுவுகிற விதத்தை, சோப்பிலிருந்து விரல் இடுக்குவரை, ஒரு மணி நேரம் சொன்னார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். அம்மாவிடம் டேப்பைக் கொடுத்து அந்தப் பெண்ணை உள்ளறைக்கு அனுப்பினார். அம்மா உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல, முதல் பக்கத்தில் தேதி போட்டு அப்பா எழுதினார்: கணுக்கால் 21, கெண்டை 33, தொடை 49.